ளகரம் தொடும், ழகரம் தொடாது

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்கு உழவு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். பத்துக் குறளும் மனப்பாடம். ஆனால் ‘உழுதுண்டு வாழ்வாரே’ என்பதை ‘உளுதுண்டு வாள்வாரே’ என்றுதான் சொல்கிறாள். பள்ளி, வெள்ளம், கிளி எல்லாம் சுத்தமாக வருகிறது. ழ மட்டும் வரவில்லை. ‘நாக்கு தடிப்பாக இருக்கும், அடியில் லேசாக வெட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்று பள்ளியில் ஒருவர் சொன்னார். என் மாமியார் வசம்பு சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்கிறார். எனக்கே பேச்சுவாக்கில் ழ வராது. என்னால்தான் இப்படி ஆனதோ என்று மனசு உறுத்துகிறது. இளையவனுக்கு நான்கு வயது எட்டு மாதம். அவன் இன்னும் மழலைதான். காக்காவைத் ‘தாக்கா’ என்பான், அக்காவை ‘அத்தா’ என்பான். அடிக்கடி சளி பிடிக்கும், டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வான். அவனைப் பற்றிக் கவலை இல்லை, வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும். மகளுக்கு நான் என்ன செய்வது?
— விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் மகளுக்காக. இரண்டாம் முறை, கடைசியில் போகிற போக்கில் இளையவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலைந்து வரிகளுக்காக. மனதில் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவலைப்படும் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை. கவலைப்படாத பிள்ளையைத்தான் இந்த வாரமே காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

இப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு நிம்மதி வராது. பேச்சுப் பயிற்சி அளிக்கும் வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குப் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும், வெட்டலாம் தேய்க்கலாம் என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லவும் தெம்பு வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அடுப்பு வேலை முடிந்த பிறகு, கையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நான் சொல்வதை வாயால் செய்து பார்த்துக்கொண்டே படியுங்கள்.

தொண்டையில் இரண்டு விரலை வைத்து ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். விரலுக்கு ஓர் அதிர்வு தெரியும். நுரையீரலிலிருந்து மேலே வரும் மூச்சு, குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சிறு மடிப்புகளை அதிரவைக்கிறது. பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 முறை அது அதிர்கிறது. ஆண்களுக்கு அதைவிடக் குறைவு, சிறு பிள்ளைகளுக்கு அதிகம். அங்கிருந்து உதடு வரை உள்ள வழி, வளர்ந்த ஆண் ஒருவருக்கே ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்தான். ஒரு சாண்கூட இல்லை. தமிழில் நாம் பேசும் அத்தனை ஒலியும் அதற்குள்ளேதான் உருவாகிறது. வழியைத் திறந்துவிட்டால் உயிரெழுத்து. எங்காவது அடைத்தாலோ நெருக்கினாலோ மெய்யெழுத்து. ஆக, எந்த மெய்யெழுத்தை எடுத்துக்கொண்டாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: மூச்சை எங்கே மறிக்கிறோம்? எப்படி மறிக்கிறோம்? உங்கள் இரண்டு பிள்ளைகளின் விஷயமும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒருத்தி ‘எப்படி’யில் மாறுகிறாள். இன்னொருவன் ‘எங்கே’யில் தவறுகிறான்.

‘எப்படி’ என்பதை முதலில் பார்ப்போம். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியில் ராகமாக ஒப்பித்திருப்போம். ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. உதட்டை மூடி, ‘ப்’ என்பதைச் சொல்லாமல் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஏதாவது கேட்கிறதா? ஒன்றுமே கேட்காது. ‘ப்’ என்பது ஒரு கணம் மௌனம். ‘பா’ என்று உதடு திறக்கும்போது அந்த மௌனம் உடைவதைத்தான் காது ‘ப்’ என்று அறிகிறது. வழியை முழுவதும் அடைத்துத் திறப்பது வல்லினம்.

உதட்டை எடுக்காமல் இப்போது ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். உதடு அதே இடத்தில் அதே மாதிரி மூடித்தான் இருக்கிறது, ஆனால் சத்தம் வருகிறது. மூக்கைப் பிடித்துப் பாருங்கள், சட்டென்று நின்றுவிடும். உள்நாக்கு தொங்குகிறதே, அந்த மென்மையான அண்ணம் ஒரு கதவு. ‘ப்’ என்னும்போது மேலே ஏறி மூக்கு வழியைச் சாத்திவிடும். ‘ம்’ என்னும்போது இறங்கித் திறந்துவிடும். சளி பிடித்து மூக்கடைத்த பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடும்போது கிட்டத்தட்ட ‘அப்பா’ போலக் கேட்பது இதனால்தான். வாயை அடைத்து மூக்கைத் திறந்தால் மெல்லினம். க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ற–ன என்று ஜோடி ஜோடியாக நாம் படித்தது ஒரே இடம், இரண்டு வழி என்ற கணக்கில்தான். (றகரம் எப்படி வல்லினமாயிற்று என்று கேட்பீர்கள். இலங்கைத் தமிழர் ‘காற்று’, ‘நேற்று’ என்று சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். பல்லுக்கு மேலே உள்ள ஈற்று மேட்டில் நாக்கு நுனி முழுதாக அடைத்துத் திறக்கும். அந்த இடத்துக்கென்று ஒரு வல்லினம் இருப்பது அங்கே காதுக்கே தெரியும்.) முழுவதும் அடைக்காமல், மூச்சு வாய் வழியாகவே நழுவிப் போக இடம் விட்டால் அது இடையினம். ழகரமும் ளகரமும் அங்கேதான் இருக்கின்றன.

‘எங்கே’ என்பதற்கு, பா, தா, டா, சா, கா என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘பா’வுக்கு உதடு. ‘தா’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கம். ‘டா’வுக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தில். ‘சா’வுக்கு நாக்கின் நடுப்பகுதி. ‘கா’வுக்கு அடிநாக்கு எழும்பிப் பின் அண்ணத்தை அடைக்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதைத்தான் சொல்கிறது: க, ங முதல்நா, ச, ஞ இடைநா, ட, ண நுனிநா. நாக்கின் முதல் என்று அது குறிப்பது அடிப்பகுதியை. வாய்க்குள் பார்க்க ஒரு கருவியும் இல்லாத காலத்தில், தன் வாயைத் தானே கவனித்து எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இனி உங்கள் மகள்.

அவளுடைய ளகரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. ‘வெள்ளம்’ என்று சொல்ல, நாக்கு நுனி மேலே வளைந்து, அண்ணத்தில் நன்றாக ஊன்றி நிற்க வேண்டும். உங்கள் மகள் அதைச் சுத்தமாகச் செய்கிறாள். நாக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிள்ளைக்குச் சிரமமான வேலையே நுனியை அப்படி உயர்த்துவதுதான். ளகரத்தில் அண்ணம் வரை போய் ஊன்றுகிற நாக்குக்கு, அந்த அளவுகூட எட்டத் தேவையில்லாத ழகரத்தில் என்ன தடை இருக்க முடியும்? ஆகவே வெட்ட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. தயவுசெய்து யார் சொன்னாலும் இணங்காதீர்கள். நாக்கு ஒட்டு உண்மையிலேயே இருந்தால், வெளியே நீட்டச் சொல்லும்போது நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் பிளந்தது போலத் தெரியும்; கீழுதட்டைத் தாண்டி வர முடியாமல் தவிக்கும். அப்படி இருக்கும் பிள்ளைகளிலும் பலர் தெளிவாகவே பேசுகிறார்கள். வசம்பைப் பொறுத்தவரை, உங்கள் மாமியாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் பேச்சு நாக்கின் தோலில் இல்லை. நாக்கு எங்கே போக வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்வதில் இருக்கிறது. தேய்த்தால் நாக்கு எரியும். பேச்சுக்கு எந்தப் பயனும் இராது.

பிறகு ஏன் ழ வரவில்லை? உங்கள் வீட்டில் அந்த ஒலி இல்லை, அதனால்தான். தென்மாவட்டப் பேச்சில் ழ, ளகரமாக ஒலிப்பது காலங்காலமாக உள்ள வழக்கு. மளை, பளம், கிளவி என்றுதான் பேசுகிறோம். யாழ்ப்பாணத்திலும் பேச்சில் அப்படியே. சென்னைப் பக்கம் அதுவே யகரமாகி ‘வாயப்பயம்’ ஆகிறது. உங்கள் மகள் தன்னைச் சுற்றிக் கேட்ட தமிழைப் பிசகாமல் கற்றிருக்கிறாள். அவள் காதும் நாக்கும் நன்றாக வேலை செய்கின்றன என்பதற்கு இதுவே அத்தாட்சி. உங்கள் மனசு உறுத்த வேண்டியதே இல்லை. நீங்கள் கொடுத்தது உங்கள் ஊர்த் தமிழ். மேடைக்கு வேண்டியது அதனுடன் கூடுதலாக ஓர் ஒலி. அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளலாம். ழ வராததற்கு மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட, எப்படிச் சொல்வது என்று வகுப்பில் ஒரு பத்து நிமிடம் காட்டிக்கொடுப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

சொல்லிக்கொடுப்பவர்களும் ஓர் இடத்தில் வழி தவறுகிறார்கள். ‘நாக்கை மடித்து மேலே தொடு, அழுத்திச் சொல்’ என்கிறார்கள். பிள்ளை சொன்னபடி செய்கிறாள், நாக்கை மேலே அழுத்துகிறாள். வருவது ள. ‘இன்னும் அழுத்து’ என்கிறார்கள். இன்னும் அழுத்தமான ள வருகிறது. பிள்ளை சொன்ன சொல்லைத்தான் கேட்டாள்; சொன்ன சொல்தான் தவறு.

இதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ‘வாள்’ என்று சொல்லி, கடைசி ‘ள்’-இல் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நாக்கை அசைக்காமல், வாய் வழியாக மூச்சை வேகமாக உள்ளே இழுங்கள். சில்லென்று எங்கே படுகிறது? நாக்கின் இரண்டு பக்கங்களிலும், கன்னத்தை ஒட்டி. ஏனென்றால் ளகரத்தில் நுனி நடுவழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காற்று ஓரங்களில் ஒதுங்கிப் போகிறது. இப்போது, ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லும் ஒருவரை ‘வாழ்’ என்று சொல்லி நிறுத்தி அதே போல இழுக்கச் சொல்லுங்கள். குளிர்ச்சி நடுவில், நாக்கு நுனிக்கு மேலே ஓடுகிறது என்பார். ழகரத்தில் நாக்கின் ஓரங்கள் இருபுறமும் மேல் கடைவாய்ப் பற்களை அணைத்துக்கொள்ளும். நுனி மேலே வளைந்து அண்ணத்தை நெருங்கும், ஆனால் ஊன்றாது. காற்று நடுவே போகும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். நடுவை மூடி ஓரத்தைத் திறந்தால் ள. ஓரத்தை மூடி நடுவைத் திறந்தால் ழ. நாக்கு வளையும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது காற்று போகும் வழி.

படிக்கும் காலத்தில் எங்களை ஒரு சோதனை செய்யச் சொன்னார்கள். கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் தடவிக்கொண்டு, ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, மேல்வாயைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நாக்கு எங்கே பட்டதோ அங்கே கறை இருக்கும். ள் சொன்னபோது அண்ணத்தின் நடுவில் கறை. வாயைக் கொப்பளித்துவிட்டு ழ் சொன்னபோது நடுவில் சுத்தம். கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் மட்டும் கறுப்பு. அன்றைக்குப் புரிந்தது இன்று வரை எனக்குச் சோறு போடுகிறது. தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படங்களோடும் இது போன்ற மேல்வாய்ப் பதிவுகளோடும் ஆராய்ந்து, ஸ்ரீகாந்த் நாராயணனும் அவருடன் இருவரும் 1999-இல் அமெரிக்க ஒலியியல் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழியில் இந்த வகை ஒலிகள் ஐந்து இருப்பது உலகில் அதிகம் காணாத ஒன்று. உங்கள் மகள் அவற்றில் ஒன்றைச் சற்றுத் தாமதமாகக் கற்பதில் வியப்பில்லை.

தொல்காப்பியர் ழகரத்தை யாரோடு சேர்த்தார் தெரியுமா? ளகரத்தோடு அல்ல. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை ‘வருட’ ரகாரமும் ழகாரமும் பிறக்கும் என்று இரண்டையும் ஒரே நூற்பாவில் வைத்தார். ல, ள இரண்டுக்கும் தனி நூற்பா. அங்கே முதலில் பேசுவது நாவிளிம்பை. றகர னகரத்துக்கு ‘ஒற்ற’ என்றவர் ழகரத்துக்கு ‘வருட’ என்கிறார். ஒற்றுவது என்றால் பட்டு அழுந்துவது, வருடுவது என்றால் பட்டும் படாமலும் தடவுவது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பயிற்சியில் பாதி முடிந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் காதிலும் ழகரம் இரண்டு விதமாக விழுந்திருக்கிறது. சோழமண்டலம் அவர்கள் வாயில் கோரமண்டல் ஆனது. கோழிக்கோடு காலிகட் ஆனது. ஓரிடத்தில் ரகரம், இன்னோரிடத்தில் லகரம். காது தனக்குப் பழக்கமானதைத்தான் கேட்கும். (கோழிக்கோடு என்றதும் நினைவுக்கு வருகிறது: ழ தமிழுக்கு மட்டுமே உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மலையாளத்திலும் அது உயிரோடு இருக்கிறது.)

ஆகவே, முதலில் காது. கிழி–கிளி, உழவு–உளவு, வாழை–வாளை, தாழ்–தாள் என்று ஜோடிச் சொற்களை, ழகரம் நன்றாக வரும் ஒருவரைக் கொண்டு செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழாசிரியரே செய்து தரலாம். அதைப் போட்டுக் காட்டி, எது பறவை, எது கிழிப்பது என்று மகளை அடையாளம் காட்டச் சொல்லுங்கள். சொல்லச் சொல்லாதீர்கள், கேட்க மட்டும். பத்துக்கு எட்டு ஒன்பது சரியாக வரும் வரை வாயைத் தொட வேண்டாம். நீங்களும் கூட உட்காருங்கள். அம்மாவும் சேர்ந்து கற்றுக்கொள்கிறாள் என்றால் பிள்ளைக்கு வெட்கம் இருக்காது.

பிறகு வாய். ழ தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, எப்போதும் ஓர் உயிரொலிக்குப் பின்னால்தான் வரும். அது நமக்கு வசதி. ‘ஆ’ என்று நீட்டச் சொல்லுங்கள். குரலை நிறுத்தாமல், நாக்கு நுனியை மெதுவாக மேலே தூக்கிப் பின்னால் வளைக்கட்டும். நுனி எங்கும் தொடக்கூடாது. குரலின் நிறம் மாறுவது அவளுக்கே கேட்கும்: ஆ…ழ். தொட்டுவிட்டால் ள் ஆகிவிடும். திட்டாதீர்கள், ‘இப்போ தொட்டிருச்சு, தொடாம வளைச்சுப் பாரு’ என்று மட்டும் சொல்லுங்கள். நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் படுகிறதா என்று கேளுங்கள். ஆழ், ஊழ், வாழ், தாழ் வந்த பிறகு பழம், ஆழம், மழை. அது பிடிபட்ட பிறகு ‘வாழ்த்து’, ‘வாழ்க்கை’ போல அடுத்து ஒரு வல்லினம் வரும் சொற்கள்; அவை கடினம், ஏனெனில் வளைந்து நிற்கும் நாக்கு உடனே வேறொரு இடத்துக்குத் தாவ வேண்டும். ‘உழுதுண்டு வாழ்வாரே’ குறளில் மட்டும் நான்கு ழகரம் இருக்கிறது. அதைக் கடைசிக்கு வையுங்கள். தினமும் ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு வேளை போதும். பிள்ளை வீட்டில் தம்பியோடு பேசும்போது ‘மளை’ என்றால் விட்டுவிடுங்கள். மேடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ள அவளால் முடியும்.

இப்போது உங்கள் மகன். நான் அதிகம் யோசித்தது இவனைப் பற்றித்தான்.

காக்கா ‘தாக்கா’, அக்கா ‘அத்தா’ என்று இரண்டு எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறீர்கள். அவனிடம் ‘தங்கம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘தந்தம்’ என்று வந்தால் நான் நினைப்பது சரி. அப்படியானால் வராமல் இருப்பது ஒரு எழுத்து அல்ல, ஓர் இடம். அடிநாக்கு எழும்பிப் பின் அண்ணத்தை அடைக்கும் வேலையை அவன் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. அங்கே அடைக்க வேண்டியதைப் பல இடங்களில் முன்னால், பல்லருகே கொண்டுவந்து அடைக்கிறான். அடைக்கும் விதம் சரியாக இருக்கிறது. கவனியுங்கள், க இருக்க வேண்டிய இடத்தில் த வைக்கிறான், ங இருக்க வேண்டிய இடத்தில் ந வைக்கிறான். தன் கணக்கில் அவன் மிக ஒழுங்கானவன்.

சிறு பிள்ளைகள் பலரும் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வருவார்கள். அம்மா, அப்பா, பாப்பா என்று உதட்டு ஒலிகளில் தொடங்குவதற்கு ஒரு காரணம், உதடு கண்ணுக்குத் தெரிகிறது என்பது. ககரம் தொண்டையோரம் நடக்கிறது. பார்த்துக் கற்க முடியாது, கேட்டுத்தான் கற்க வேண்டும். ஆனாலும் நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கடந்துவிடுவார்கள். உங்கள் மகனுக்கு ஐந்தாகப் போகிறது. ‘கேட்டுத்தான் கற்க வேண்டும்’ என்று எழுதினேனே, அதோடு நீங்கள் எழுதிய மற்ற இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பாருங்கள்: அடிக்கடி சளி, டிவி சத்தம்.

சளி ஓயாமல் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. வலி இருக்காது, சீழ் வடியாது, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் காதில் பஞ்சு வைத்தது போல மந்தமாகக் கேட்கும். ‘கூப்பிட்டால் திரும்புகிறானே’ என்பீர்கள். திரும்புவான். உயிரொலிகள் வலுவானவை, அவை எப்படியும் காதுக்குப் போய்விடும். மெல்லிய மெய்யொலிகள்தான் முதலில் நழுவும். ‘கா’வும் ‘தா’வும் அவன் காதுக்கு ஒன்று போல விழுந்தால், வாய் எதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்? அவனுக்கு இப்படித்தான் ஆகியிருக்கிறது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் இதைச் சோதிக்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு கத்தரிக்காய், ஒரு தாய்ப்பசு கன்றோடு நிற்கும் படம்; இரண்டையும் முன்னால் வையுங்கள். காய், தாய் என்ற பெயர்களை நன்றாகப் பழக்கிவிட்டு, உங்கள் வாயை ஒரு நோட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் மாற்றி மாற்றி ஒன்றைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். கட்டு–தட்டு, கை–தை என்றும் செய்யலாம். தடுமாறினான் என்றால் இன்னும் அவசரம். தடுமாறாவிட்டாலும் பரிசோதனை தேவைதான். இன்னொன்று: மூக்கின் கீழே அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ‘பாப்பா’ என்று சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். ‘மாமா’ என்னும்போது மங்கலாகலாம். ‘பாப்பா’வுக்கே ஒவ்வொரு முறையும் பனி படர்ந்தால், அண்ணக் கதவு சரியாக மூடாமல் இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

போக வேண்டிய இடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு. விருதுநகரிலேயே இருக்கிறது. காதைப் பார்த்துவிட்டு, கேட்கும் திறன் பரிசோதனையும் ‘டிம்பனோமெட்ரி’ என்ற நடுக்காதுப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பின்னது சில நிமிடங்களில் முடியும், வலிக்காது. பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று அரசு நடத்துகிறது, அங்கும் கேட்கலாம். தனியாரிடம் போவதென்றால், பேச்சுப் பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். தகுதியுள்ள எவரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அது வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாதது அதிகம். விருந்தினர் வந்தால் ‘தாக்கா சொல்லுடா’ என்று சொல்லவைத்துச் சிரிப்பதை நிறுத்துங்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் தவறான பாதையை அவன் நாக்கு அத்தனை முறை ஒத்திகை பார்க்கிறது. ‘சரியாச் சொல்லு’ என்று அதட்டவும் வேண்டாம். அவன் ‘தாக்கா’ என்றால், ‘ஆமா, காக்கா! அந்தக் காக்கா மரத்துல உக்காந்திருக்கு’ என்று சரியான ஒலியை இரண்டு மூன்று முறை அவன் காதில் போடுங்கள்; திருப்பிச் சொல்லக் கேட்காதீர்கள். வாய்க்குள் விரலையோ கரண்டியையோ விடாதீர்கள், கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசவைப்பது போன்ற யோசனைகளைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். விளையாட்டாக ஒன்று செய்யலாம். மல்லாக்கப் படுத்தபடி கொட்டாவி விட்டு, பிறகு ‘க்… க்…’ என்று இருவரும் புறா போலச் சத்தமிடுங்கள். படுத்திருக்கும்போது நாக்கு தன் எடையால் கொஞ்சம் பின்னால் சரியும். அடிநாக்கு எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு முதன்முதலாகத் தெரிய அது உதவும். தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கப் பழக்குவதும் அதே இடத்தை உணர்த்தும். உட்கார்ந்தபடி, ஒரு வாய்த் தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வரவில்லையென்றால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். காதில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால், ஒலியின் இடத்தை மாற்றும் இந்த வகைப் பயிற்சிக்குப் பிள்ளைகள் நன்றாகவே வழிக்கு வருவார்கள்.

போட்டித் தேதியை நீங்கள் எழுதவில்லை. நாள் குறைவாக இருந்தால் ழகரத்துக்காக மகளை நெருக்காதீர்கள். இந்த முறை வாயில் வருகிற தமிழிலேயே தைரியமாகச் சொல்லட்டும், அடுத்த ஆண்டுக்குள் கற்றுக்கொள்ளலாம். மகனுக்கு அந்த அவகாசம் இல்லை. திங்கட்கிழமை காலை புறநோயாளிகள் சீட்டு எழுதும் இடத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும், எட்டு மணிக்கே போய்விடுங்கள். அவன் சொல்லும் சொற்களில் ஓர் இருபதை, அவன் உச்சரிக்கிறபடியே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும், அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.